கேட்டுக்கு வெளியே இருக்கும் இடம் யாருடையது? (மேற்கு மாம்பலம் நடைபாதை)

நடந்தேபோறவன்:
இந்த மன்றத்தின் மழைநீர் வடிகால் விவாத இழையில் மேற்குமாம்பலம்வாசி நேற்று ஒரு முத்தை உதிர்த்திருக்கிறார். "பாண்டி பஜாருக்கு நடைபாதை வேண்டும், சரி. வீடுகள் இருக்கிற தெருவுக்கு எதற்கு? தெருக்காரர்கள் ரோட்டிலேயே நடந்துகொள்வார்கள். கேட்டுக்கு முன்னால் இருக்கிற இடத்தை வீட்டுக்காரரிடம் விட்டுவிடுங்கள்." பதில் எழுதுவதற்குள் இழையைப் பூட்டிவிட்டார்கள். அதனால் இங்கே.

ஐயா, கேட்டுக்கு உள்ளே இருப்பதுதான் உங்கள் பத்திரத்தில் இருக்கிறது. வெளியே இருப்பது ஊர்ச் சொத்து. அதில் கிரானைட் பதித்துச் சரிவு கட்டி, மீதி இடத்தில் நாலு பூந்தொட்டியும் 'நோ பார்க்கிங்' பலகையும் வைத்துவிட்டால் பட்டா நிலம் ஆகிவிடாது. சென்னை மாநகராட்சி 2014-லேயே மோட்டார் இல்லாப் போக்குவரத்துக்கு என்று ஒரு கொள்கை கொண்டுவந்தது. போக்குவரத்துச் செலவில் 60 விழுக்காடு நடப்பவர்களுக்கும் சைக்கிள்காரர்களுக்கும் என்பது அதன் குறிக்கோள். கடைத்தெருவுக்கு மட்டும் என்று அதில் இல்லை. 2025 மே மாதம் உச்ச நீதிமன்றமும் தடையில்லாத நடைபாதை அரசியல் சட்டத்தின் 21-ஆவது பிரிவில் அடங்கிய உரிமை என்று சொல்லிவிட்டது.

தெருவைச் சரிசெய்வது பெரிய வித்தை இல்லை. நாலு மரம், எரிகிற விளக்கு, வயசானவர்கள் உட்கார ஒரு இடம். எல்லாவற்றுக்கும் முன்னால் நடைபாதை. அதன் உயரம் 15 சென்டிமீட்டரைத் தாண்டக் கூடாது. சாலை விதிகளை வகுக்கும் இந்தியச் சாலைக் காங்கிரஸின் 103-ஆம் எண் விதிநூலைப் பாருங்கள். 15.

மேற்குமாம்பலம்வாசி:
எனக்காகத் தனி இழையா! வீட்டில் காட்டினேன், சந்தோஷப்பட்டார்கள்.

சார், எங்கள் தெருவின் அகலம் தெரியுமா? ஒரு கார் நின்றால் ஆட்டோ போகத் தயங்கும். அதில் இரண்டு பக்கமும் நடைபாதை போட்டால் நடுவில் என்ன மிஞ்சும்? தண்ணீர் லாரி எங்கே வரும், ஆம்புலன்ஸ் எங்கே வரும்? உச்ச நீதிமன்றம் வந்து காரைத் தள்ளுமா? பாண்டி பஜார், பாண்டி பஜார் என்கிறீர்கள். தி.நகரின் அந்தக் கடைத்தெருவில் 2019 நவம்பரில் அகலமான நடைபாதையைத் திறந்தார்கள், 2021 நவம்பரில் தி.நகர் முழங்கால் தண்ணீரில் நின்றது.

அப்புறம் அந்த 15. உங்கள் 15 சென்டிமீட்டர் நடைபாதை முதல் மழையிலேயே காணாமல் போகும்.

நடந்தேபோறவன்:
தி.நகர் மூழ்கியது நடைபாதையாலா? மாம்பலம் கால்வாயில் வேலை நடந்து, கட்டட இடிபாடு உள்ளேயே கிடந்தது என்று அப்போது எல்லாப் பத்திரிகையிலும் வந்தது. படிக்கவில்லை போலும். நடைபாதை மேல் கார் நிறுத்துகிறவருக்குப் பத்திரிகை படிக்க நேரம் எங்கே.

15-ஐப் பற்றி. மழைக்காகவா நடைபாதை? மனிதருக்காக. அதற்கு மேல் உயர்த்தினால் முட்டி வலி உள்ளவர் ஏற மாட்டார், ரோட்டில் இறங்கிவிடுவார். அப்புறம் நீங்களே "யாரும் பயன்படுத்துவதில்லை" என்று எழுதுவீர்கள்.

ரிட்டயர்ட்_ஏஇ:
இரண்டு பேருமே களத்தில் நிற்காமல் பேசுகிறீர்கள். நான் உதவிப் பொறியாளராக (ஏஇ) இந்த வேலையையே செய்து ஓய்வு பெற்றவன், சொல்கிறேன்.

நம் ஊரில் பல தெருக்களில் நடைபாதை என்று தனியாக ஒன்று கிடையாது. மழைநீர் வடிகாலின் மூடிதான் நடைபாதை. வடிகாலுக்கு ஓட்டம் வேண்டும். கால்வாயில் சேரும் மட்டத்தை வைத்துத்தான் மேலே மட்டம் எடுத்துவர முடியும். தரை தட்டையான ஊர் இது. அதனால் தெருவின் ஒரு முனையில் சிலாப் ரோட்டுக்குச் சமமாக இருக்கும், மறு முனையில் ஓர் அடி தூக்கி நிற்கும். இதைத் தவிர்க்க முடியாது. 15 என்பது புத்தகத்தில் எழுத நன்றாக இருக்கும். களத்தில் 30-தான் வரும்.

நடந்தேபோறவன்:
ஓய்வு பெற்ற பிறகாவது உண்மை வந்ததே. "தவிர்க்க முடியாது" என்று எழுதி எழுதித்தான் இந்த ஊர் இப்படி இருக்கிறது. சார், 30 சென்டிமீட்டர் ஏற சக்கர நாற்காலிக்கு எவ்வளவு நீளச் சரிவு வேண்டும்? ஒன்றுக்குப் பன்னிரண்டு. அதாவது 3.6 மீட்டர். 15 என்றால் 1.8 மீட்டரில் முடிந்துவிடும். மாம்பலத்தில் 3.6 மீட்டருக்கு எங்கே போவீர்கள்? எதிர்வீட்டுத் திண்ணைக்கா?

15. அதற்கு மேல் ஒரு சென்டிமீட்டர்கூட இல்லை.

கேகேநகர்_மல்லி:
ஒரு நிமிஷம். 15 என்கிறீர்கள், 30 என்கிறீர்கள். எதிலிருந்து? பழைய ரோட்டு மட்டத்திலிருந்தா, இப்போது போட்டிருக்கிற தாரிலிருந்தா? எங்கள் தெருவில் ரோட்டின் மேல் ரோடு போட்டுப் போட்டு நடைபாதையே ரோட்டுக்குள் இறங்கிவிட்டது. கேட்டைத் திறந்தால் ஒரு படி மேலே ஏற வேண்டும்.

இன்னொன்று. மரத்தைச் சுற்றி அடிவரைக்கும் சிமெண்ட் பூசிவிடுகிறார்கள். 2016 வர்தா புயலில் எத்தனை மரம் விழுந்தது என்று பார்த்தவர்கள்தானே எல்லோரும்? வேருக்குக் கொஞ்சம் மண் விட்டால் என்ன? மாமியாரைக் கூட்டிக்கொண்டு சாயங்காலம் நடக்கிறவள் நான். எனக்கு உயரத்தை விட நிழலும் வெளிச்சமும்தான் முக்கியம்.

மேற்குமாம்பலம்வாசி:
மல்லி மேடம் சொல்வதைத்தான் நானும் சொல்கிறேன். ரோட்டை உயர்த்தினார்கள், அதனால்தான் நாங்கள் சரிவு கட்ட வேண்டி வந்தது. ஆசைக்கா கட்டினோம்? கட்டாவிட்டால் ஸ்கூட்டர் உள்ளே வராது. வீட்டுக்காரனைத் திட்டுவதற்கு முன்னால் தார் போட்டவரைத் திட்டுங்கள்.

கேகேநகர்_மல்லி:
நான் அதைச் சொல்லவில்லை சார். நீங்கள் கட்டிய சரிவும் தெருவில்தானே நீட்டிக்கொண்டிருக்கிறது.

ரிட்டயர்ட்_ஏஇ:
பழைய தாரைச் சுரண்டி எடுத்துவிட்டுத்தான் புதிது போட வேண்டும் என்று 2021-லேயே தலைமைச் செயலாளர் உத்தரவு போட்டாகிவிட்டது. அப்படிச் சுரண்டாமல் (மில்லிங் இல்லாமல்) போட வந்தால் வேலையை நிறுத்தச் சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு. ஆனால் யாரும் வெளியே வர மாட்டீர்கள். ராத்திரி பதினொரு மணிக்கு மிஷின் வரும்போது ஜன்னல் வழியாக வீடியோ எடுப்பீர்கள். மறுநாள் இங்கே வந்து 15 என்பீர்கள்.

நடந்தேபோறவன்:
நான் வந்தேன் சார். மில்லிங் எவ்வளவு ஆழம் என்று மேஸ்திரியிடம் கேட்டேன். "எதிர்வீட்டுக்காரர் சரிவை உடைக்காமல் போடச் சொல்லியிருக்கிறார், அந்த இடத்தை மட்டும் விட்டுவிடுகிறோம்" என்றார். இப்போது அங்கே ஒரு பள்ளம். மழை நின்று மூன்று நாள் ஆனாலும் தண்ணீர் நிற்கிறது, கொசு குடித்தனம் நடத்துகிறது. அந்த எதிர்வீட்டுக்காரர் யார் என்று இங்கே சிலருக்குத் தெரியும்.

வியாசர்பாடிப்_பையன்:
தெற்குச் சென்னைக்காரர்கள் 15-ஆ 30-ஆ என்று அடித்துக்கொள்வதைப் பார்க்கவே அழகாக இருக்கிறது. எங்கள் பக்கம் பூஜ்யம். கணேசபுரம் சுரங்கப்பாதையில் தண்ணீர் ஏறினால் வியாசர்பாடியே இரண்டாகப் பிரிந்துவிடும். அங்கே வந்து அளவு டேப் பிடியுங்கள். ஸ்மார்ட் சிட்டி என்று ஒரு திட்டம் வந்தது, அதன் அலங்காரமெல்லாம் எங்கே போனது? தி.நகர். பளபள கல், உட்கார பெஞ்சு. எங்கள் வரிப்பணம் என்ன செல்லாக்காசா?

நடந்தேபோறவன்:
தம்பி, உங்கள் கோபம் நியாயம். ஆனால் உங்கள் பக்கம் போட்டாலும் 15-தான் போட வேண்டும்.

வியாசர்பாடிப்_பையன்:
முதலில் போடுங்கள் அண்ணே.

பெங்களூர்ரிட்டர்ன்:
பெங்களூரில் டெண்டர் ஷூர் என்று ஒரு சாலைத் திட்டம் செய்தார்கள். ரெசிடென்சி ரோடு, செயின்ட் மார்க்ஸ் ரோடு போய்ப் பாருங்கள். கேபிள், குழாய் எல்லாவற்றையும் முதலிலேயே தரைக்கு அடியில் ஒழுங்குபடுத்திவிட்டு மேலே நடைபாதை. ஒரு தடவை தோண்டினால் முடிந்தது. சென்னையில் மெட்ரோ வாட்டர் ஒரு தடவை, ஈபி ஒரு தடவை, இன்டர்நெட்காரர் ஒரு தடவை. நம் ஆட்களுக்குப் புத்தி வராது.

ரிட்டயர்ட்_ஏஇ:
வந்துவிட்டார் பெங்களூர்க்காரர். அந்த ரோடுகள் அலுவலகமும் கடையும் நிறைந்தவை, அகலமானவை. இங்கே பேசுவது ஸ்டேஷனுக்கும் அயோத்யா மண்டபத்துக்கும் நடுவில் இருக்கிற சந்துகளைப் பற்றி. அத்தனை பிடித்திருந்தால் எதற்கு ரிட்டர்ன்?

பெங்களூர்ரிட்டர்ன்:
தண்ணீர்ப் பஞ்சம் சார். உங்களுக்கு ஏன் கோபம் வருகிறது? குழாயை ஒழுங்குபடுத்துவதற்கு அகலம் எதற்கு?

கேகேநகர்_மல்லி:
என் கேள்விக்கு இன்னும் யாரும் பதில் சொல்லவில்லை. 15 எதிலிருந்து?

நடந்தேபோறவன்:
மேடம், 15 என்றால் 15. விதிநூலில் தெளிவாக இருக்கிறது. குழப்பாதீர்கள்.

இன்னும் ஒரு விஷயத்தை யாரும் தொடவில்லை. கேட்டுக்குக் கேட்டு நடைபாதையை இறக்கி ஏற்றுகிறார்கள். நாற்பது அடிக்கு ஒரு வீடு என்றால் நடப்பவர் மலை ஏறி இறங்கி மலை ஏறி இறங்கிப் போக வேண்டும். முறையாக எப்படிச் செய்ய வேண்டும் தெரியுமா? நடைபாதை ஒரே மட்டத்தில் ஓடும். கார்தான் ஓரத்தில் சின்னச் சரிவில் ஏறி, நடைபாதையைக் கடந்து உள்ளே போகும். ஏறி இறங்குவது காரின் வேலை. பெட்ரோல் அதற்கு இருக்கிறது, எங்கள் முட்டிக்கு இல்லை. ஆனால் இது நடக்க வேண்டுமானால் உயரம் 15-க்குள் இருக்க வேண்டும். 30 இருந்தால் கார் அடிவயிறு தட்டும், உடனே வீட்டுக்காரர் சரிவை ரோட்டுக்கு நீட்டுவார். மேற்குமாம்பலம்வாசியின் சரிவு இப்போது நீட்டிக்கொண்டிருப்பது போல.

மேற்குமாம்பலம்வாசி:
என் சரிவை நீங்கள் எப்போது அளந்தீர்கள்? இனி ராத்திரியில் நாய் குரைத்தால் யார் என்று எனக்குத் தெரியும்.

நான் இன்னும் ஒன்று கேட்கிறேன். நடைபாதை போட்டால் முதலில் யார் வருவார்? இஸ்திரி வண்டி. அடுத்து இளநீர். அடுத்து தள்ளுவண்டி டிபன். கடைசியில் நடப்பவருக்கு அரை மீட்டர் மிஞ்சும். அதற்குத்தான் இத்தனை செலவா?

வியாசர்பாடிப்_பையன்:
இஸ்திரி வண்டிக்காரர் உங்கள் சட்டையைத்தான் தேய்க்கிறார் சார். அவர் நிற்க இடம் வேண்டாம், உங்கள் கார் நிற்க மட்டும் இடம் வேண்டும். 2014-இல் தெருவோர வியாபாரிகளுக்குச் சட்டம் வந்தது. கணக்கெடுக்காமல் யாரையும் விரட்டக் கூடாது. அந்தச் சட்டப்படி அமைக்கும் நகர விற்பனைக் குழுவில் குறைந்தது 40 விழுக்காடு வியாபாரிகளே இருக்க வேண்டும். வீட்டுக்காரர் காரை ஓசியில் ரோட்டில் நிறுத்த ஏதாவது சட்டம் இருந்தால் எடுத்துப் போடுங்கள்.

மேற்குமாம்பலம்வாசி:
ஓசியா? சாலை வரி கட்டியிருக்கிறேன்.

நடந்தேபோறவன்:
சாலை வரி ஓட்டுவதற்கு. தூங்கவைப்பதற்கு இல்லை.

ரிட்டயர்ட்_ஏஇ:
வண்டி நிறுத்தம் தனி விஷயம், அதை இதில் கலக்காதீர்கள். பாண்டி பஜாரில் நடைபாதையை அகலமாக்கியபோதே தணிகாசலம் சாலையில் பலமாடி வாகன நிறுத்தத்தையும் திட்டத்தில் சேர்த்தார்கள். மாம்பலம் சந்தில் எங்கே கட்டுவீர்கள்? நடைபாதை உயரத்துக்கே வாருங்கள். வடிகால் மூடியை 15-க்கு இறக்கினால் வடிகாலின் ஆழம் குறையும். ஆழம் குறைந்தால் மண் தங்கும். ஓரத்துச் சல்லடை ஏற்கெனவே பிளாஸ்டிக் பையால் அடைபட்டிருக்கிறது. தண்ணீர் தெருவிலேயே நிற்கும். அப்போது "உயர்த்துங்கள், உயர்த்துங்கள்" என்று முதலில் மனு கொடுப்பவர் நடந்தேபோறவனாகத்தான் இருப்பார்.

நடந்தேபோறவன்:
நான் மனு கொடுத்தால் 15 என்று எழுதித்தான் கொடுப்பேன். வடிகாலை நடைபாதைக்கு அடியில்தான் வைக்க வேண்டும் என்று எந்தச் சாமி சொன்னது? தார் ரோட்டுக்கு அடியில் வையுங்கள்.

ரிட்டயர்ட்_ஏஇ:
அங்கே சாக்கடைக் குழாய் இருக்கிறது. அதன் பக்கத்தில் குடிநீர்க் குழாய். அதன் மேல் ஈபி கேபிள். தோண்டிப் பார்த்ததுண்டா?

பெங்களூர்ரிட்டர்ன்:
இதைத்தான் நானும் முதலில் சொன்னேன். டெண்டர் ஷூர்.

ரிட்டயர்ட்_ஏஇ:
நீங்கள் கொஞ்சம் இருங்கள்.

மட்டுறுத்துநர்:
நாய், சரிவு, எதிர்வீடு பற்றிய தனிப்பட்ட குறிப்புகளைத் தவிர்க்கவும். தலைப்பு: தெருவும் பொது இடங்களும்.

கேகேநகர்_மல்லி:
பொது இடம் என்றதும் நினைவு வந்தது. பூங்காவைப் பற்றி யாராவது பேசுவீர்களா? எங்கள் பக்கத்தில் மத்தியானம் பூட்டிவிடுகிறார்கள். பள்ளிக்கூடம் விட்டு வரும் பிள்ளைகள் வெளியே நின்று கம்பி வழியாக ஊஞ்சலைப் பார்க்கிறார்கள். வேலிக் கம்பியை எடுத்துவிட்டு ஓரத்தில் சும்மா ஒரு திண்ணை கட்டினாலே தெருவுக்குப் பத்துப் பேர் வருவார்கள். பத்துப் பேர் இருந்தால் எட்டு மணிக்கு மேல் தனியாக நடக்கப் பயமும் இருக்காது.

மேற்குமாம்பலம்வாசி:
பூட்டாவிட்டால் யார் யார் வந்து உட்காருவார்கள் தெரியுமா மேடம்? எங்கள் தெருப் பூங்காவுக்குக் குடியிருப்போர் சங்கம்தான் சாவி வைத்திருக்கிறது. அதனால்தான் சுத்தமாக இருக்கிறது.

நடந்தேபோறவன்:
ஆ, வந்தது பாருங்கள் விஷயம்! அந்தச் சாவி யார் வீட்டு ஆணியில் தொங்குகிறது என்று சொல்லட்டும். போன வருஷம் காலை ஐந்தரைக்கு நடக்கப் போனேன், பூட்டியிருந்தது. செயலாளர் தூங்குகிறாராம். மாநகராட்சிப் பூங்கா, செயலாளருக்குத் தூக்கம் கலைந்தால்தான் திறக்கும். கேட்டுக்கு வெளியே இருப்பதும் இவருக்கு, பூங்காவும் இவருக்கு.

மேற்குமாம்பலம்வாசி:
சங்கத் தேர்தலில் தோற்றதிலிருந்து உங்களுக்கு இந்த வயிற்றெரிச்சல். சந்தா கட்டாதவர் சாவியைப் பற்றிப் பேசக் கூடாது.

நடந்தேபோறவன்:
சந்தா ரசீது என்னிடம் இருக்கிறது. ஸ்கேன் செய்து போடட்டுமா? தேர்தலில் எத்தனை பேருக்கு நோட்டீஸ் வந்தது என்பதையும் சேர்த்தே போடுகிறேன்.

வியாசர்பாடிப்_பையன்:
போடுங்க அண்ணே, பார்ப்போம்.

ரிட்டயர்ட்_ஏஇ:
ரசீது எதற்கு? வடிகால் மட்டம் பற்றி நான் கேட்டதற்குப் பதில் சொல்லுங்கள்.

மேற்குமாம்பலம்வாசி:
போடுங்கள், போடுங்கள். 2022 சங்கக் கூட்டத்தின் நடவடிக்கைக் குறிப்பையும் நான் எடுத்துவைத்திருக்கிறேன். அன்றைக்கு நாற்காலியைத் தள்ளிவிட்டுப் போனது யார் என்று அதில் எழுதியிருக்கிறது.