திடீர் விருந்தாளிகளுக்கு பிரெட் டோஸ்ட்: நமத்துப்போகாமல் செய்வது எப்படி?

பெருமாள்புரம் மதினி:

குற்றாலத்தில் சாரல் விழ ஆரம்பித்தால் பாளையங்கோட்டையில் எங்கள் வீடு சத்திரம்தான். ஆனி, ஆடி இரண்டு மாதமும் சனி, ஞாயிறு என்றால் யாராவது வந்து நிற்பார்கள். வீட்டுக்காரருடன் சென்னையில் வேலை பார்த்தவர்கள், அவருடைய சித்தப்பா பிள்ளைகள், அவர்களுடைய சிநேகிதர்கள் என்று பட்டியல் நீளும். எல்லாரும் அருவியில் குளித்துவிட்டுத் திரும்புகிற வழியில் ஆலங்குளம் தாண்டிய பிறகுதான் போன் போடுவார்கள். "மதினி, சும்மா ஒரு எட்டு பாத்துட்டுப் போயிருதோம், ஒண்ணும் செய்யாதீங்க" என்பார்கள். ஒன்றும் செய்யாமல் இருக்க முடியுமா? எனக்குக் கிடைப்பது முக்கால் மணி நேரம்.

பஜ்ஜி, வடை என்று இறங்கினால் வந்தவர்கள் ஹாலில் பேசிக்கொண்டிருக்க நான் அடுப்படியில் எண்ணெய்ச் சட்டி முன்னால் நிற்கணும். அது வேண்டாம். சென்னையில் ஒரு கல்யாண வரவேற்பில் சின்னச் சின்ன டோஸ்ட் துண்டுகள்மேல் தக்காளி, சீஸ் எல்லாம் வைத்துத் தட்டில் கொண்டுவந்தார்கள். ஒரே வாயில் போட்டுக்கொள்கிற அளவு, பார்க்கவும் லட்சணமாக இருந்தது. அதையே வீட்டில் செய்தால் ஐந்து நிமிடத்தில் நமத்து வளைந்து, கையில் எடுத்ததும் தக்காளி சேலையில் விழுகிறது.

என்னிடம் ஓவன் கிடையாது, தோசைக்கல்லும் கேஸ் அடுப்பும்தான். பிரெட் தெருமுனை பேக்கரியில் வாங்குகிற மில்க் பிரெட். வருகிறவர்களில் ஒரு பெரியம்மா வெங்காயம், பூண்டு தொடமாட்டார்கள், அதையும் மனதில் வைத்துக்கொண்டு சொல்லுங்கள்.

அடுமனை அண்ணாச்சி:

மேலே என்ன வைப்பது என்பதை அப்புறம் பார்க்கலாம், கோளாறு பிரெட்டில் இருக்கிறது. மில்க் பிரெட்டில் சீனியும் பாலும் இருப்பதால் கல்லில் போட்டதும் சட்டென்று சிவந்துவிடும். ஆயிற்று என்று நாம் எடுத்துவிடுவோம், ஆனால் நடுவில் இருக்கிற ஈரம் அப்படியே இருக்கும். தட்டில் வைத்த பிறகு அந்த ஈரம் மெல்ல வெளியே வந்து மொறுமொறுவென்று இருக்கிற மேல்பக்கத்தையும் நனைத்துவிடும். அதாவது தக்காளி வைக்காமல் இருந்தாலும் அது நமத்துத்தான் போகும்.

சால்ட் பிரெட் என்று கேட்டு வாங்குங்கள், அதுவும் நேற்றுப் போட்டதாக இருந்தால் நல்லது. இன்று வந்த புது பிரெட் கத்தி பட்டதும் அமுங்கிப் பிய்ந்துவிடும். ஸ்லைஸ் போடாத முழு பிரெட் கிடைத்தால் வாங்கி அரை அங்குலத்துக்குச் சற்றுக் குறைவான கனத்தில் நீங்களே வெட்டி, ஓரத்தை எடுத்துவிட்டு ஒவ்வொன்றையும் நாலாக்கிக்கொள்ளுங்கள். லட்சணம் முக்கியம் என்றால் நீள பன் வாங்கிச் சாய்வாக வெட்டலாம், கடைசியில் நீள்வட்டத் துண்டுகள் அழகாக வரும். பன்னில் சீனி இன்னும் கூடுதல், தீயை அதற்கேற்பக் குறைக்கணும்.

இப்போது சுடுவது. எண்ணெய், வெண்ணெய் எதுவும் தடவாமல் வெறும் கல்லில் பரப்பிச் சிறு தீயில் ஒரு பக்கத்துக்கு நாலைந்து நிமிடம் விடுங்கள். அவசரப்பட்டுத் தீயைக் கூட்டினால் மறுபடியும் அதே கதைதான், வெளியே சிவப்பு, உள்ளே மெத்தை. தோசைத்திருப்பியால் அவ்வப்போது லேசாக அழுத்திவிட்டால் ஓரம் தூக்கிக்கொள்ளாது. மூடி போடவே கூடாது. எடுத்து நகத்தால் தட்டிப் பாருங்கள், டக்கென்று சத்தம் வரணும், நடுவில் விரல் வைத்து அமுக்கினால் உள்ளே போகக் கூடாது. அதன் பிறகுதான் மேல்பக்கம் மட்டும் நெய்யோ வெண்ணெயோ எண்ணெயோ மெல்லிசாகத் தடவணும். அந்த எண்ணெய்ப் பூச்சு ருசிக்கு மட்டும் இல்லை, மேலே வைக்கிற பொருளின் தண்ணீர் சட்டென்று உள்ளே இறங்காமல் தடுப்பதும் அதுதான்.

பலபேர் சரியாகச் சுட்டுவிட்டு, எடுத்ததும் ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கி ஹாட் பாக்ஸில் போட்டு மூடிவிடுகிறார்கள். அவ்வளவு நேரம் கல்லில் ஓட்டிய ஈரத்தை நாமே திரும்பக் கொடுக்கிற வேலை அது. இடியாப்பத் தட்டில் பரப்பி வையுங்கள், கீழேயும் காற்றுப் போகும்.

பிரெட்டை ஃபிரிட்ஜில் வைக்கிற பழக்கம் இருந்தால் விட்டுவிடுங்கள், வெளியே இருப்பதைவிட அங்கே சீக்கிரம் விறைத்துப் பழசாகிவிடும். ஃபிரீசரில் வைத்தால் பாதகமில்லை, உறைந்த ஸ்லைஸை அப்படியே கல்லில் போடலாம்.

சாரல்காலம்:

அண்ணாச்சி சொன்னதற்குமேல் பிரெட்டைப் பற்றிச் சொல்ல ஒன்றும் இல்லை. தக்காளி பற்றி நான் சொல்கிறேன்.

நீங்கள் வரவேற்பில் சாப்பிட்டது பெரும்பாலும் இத்தாலிக்காரர்களின் புரூஸ்கெட்டாவாக இருக்கும். அங்கே அதன் அடிப்படை ரொம்ப எளிது: தணலில் சுட்ட ரொட்டி, அது சூடாக இருக்கும்போதே மேலே தேய்த்த பச்சைப் பூண்டு, ஆலிவ் எண்ணெய், உப்பு. சொரசொரப்பான ரொட்டியில் தேய்க்கும்போது பூண்டுப் பல் தானாகவே கரைந்து இறங்கிவிடும். தஸ்கனி பக்கம் நவம்பர் வாக்கில் புது ஆலிவ் எண்ணெய் ஆட்டி வரும்போது அதை ருசிபார்ப்பதற்கென்றே இப்படி ரொட்டி சுடுவார்கள், அதில் தக்காளியே இருக்காது. செக்கில் அன்று ஆட்டிய நல்லெண்ணெயை இட்லிப்பொடியில் குழைத்துப் பார்க்கிற ஆசை நமக்கு வருமே, அதேதான்.

ஸ்பெயினில் கத்தலோனியாக்காரர்கள் இன்னும் ஒரு படி மேலே போய்விட்டார்கள். தக்காளியை நறுக்குவதே இல்லை. குறுக்கே இரண்டாக வெட்டி, சுட்ட ரொட்டியில் அழுத்தித் தேய்த்துவிட்டு, கையில் மிஞ்சுகிற தோலைத் தூக்கிப் போட்டுவிடுவார்கள். மேலே எண்ணெயும் உப்பும். சேலையில் விழுவதற்கு அங்கே துண்டே கிடையாது! இதற்கு நன்றாகப் பழுத்த நாட்டுத்தக்காளிதான் சரி, அதன் புளிப்புக்கு வேறு எதுவும் வேண்டாம். ஆனால் தேய்த்ததும் சாப்பிட்டுவிடணும், வைத்திருக்க முடியாது.

துண்டு துண்டாகத்தான் வேண்டும் என்றால் கெட்டியான பெங்களூர்த் தக்காளி வாங்குங்கள். விதையையும் அதைச் சுற்றி இருக்கிற கொழகொழப்பையும் வழித்து எடுத்துவிட்டுச் சதையை மட்டும் பொடியாக நறுக்கி, உப்புப் போட்டு வடிகட்டியில் பத்து நிமிடம் விட்டால் தண்ணீர் தானாக இறங்கும். இறங்கிய தண்ணீரை ரசத்தில் ஊற்றிக்கொள்ளலாம். பிறகு நல்லெண்ணெய், மிளகுத்தூள். உப்பு ஏற்கெனவே இருக்கிறது, மறுபடி போட்டுவிடாதீர்கள்.

அவர்கள் பேசில் இலை போடுவார்கள். அதற்காக யாரும் சூப்பர் மார்க்கெட்டுக்கு ஓட வேண்டாம். கோயில் நந்தவனங்களிலும் வீட்டு முற்றத்திலும் வளர்கிற திருநீற்றுப்பச்சிலை அதே செடி இனம்தான், ரோஸ் மில்க்கில் ஊறப்போடுகிற சப்ஜா விதை அதிலிருந்து வருவதுதான். நம் ஊர் ரகத்துக்கு வாசனை கொஞ்சம் காட்டமாக இருக்கும், ஒரு துண்டுக்கு ஒரு சின்ன இலை போதும். துளசியைப் போட்டுவிடாதீர்கள், மருந்து சாப்பிட்ட மாதிரி ஆகிவிடும்.

காரச்சேவு:

அருவியில் ரெண்டு மணி நேரம் நின்னு குளிச்சிட்டு வாறவனுக்கு ஒரு வாய் டோஸ்ட் எந்த மூலைக்கு? சூடா சுக்குக் காப்பி, ஒரு தட்டு நிறைய காரச்சேவு, முடிஞ்சது வேலை. இதுக்குப் போய் ஸ்பெயின் வரைக்கும் போவணுமா?

பெருமாள்புரம் மதினி:

காரச்சேவு அண்ணாச்சி, அவர்கள் பிரானூர் பார்டரில் பரோட்டாவும் கோழியும் ஒரு கை பார்த்துவிட்டுத்தான் வண்டி ஏறுகிறார்கள், வயிற்றில் இடமே இருக்காது. ஒரு வாய் அளவு தேடுவதே அதனால்தான். சுக்குக் காப்பி கட்டாயம் உண்டு.

மற்ற இரண்டு பேருக்கும் நன்றி. தக்காளி தவிர, நம் வீட்டில் இருக்கிறதை வைத்து வேறு என்ன செய்யலாம்?

விளாத்திகுளம் வத்தல்:

துவையல் இருக்கும்போது என்ன கவலை? சட்னி வேண்டாம், அதில் தண்ணீர் இருக்கிறது. துவையல் என்றால் அம்மியில் அரைத்த பதத்தில், உருட்டினால் உருண்டையாக நிற்கணும்.

எங்கள் வீட்டில் அதிகம் போவது காணத்துவையல். காணத்தை வெறும் சட்டியில் வாசம் வருகிறவரை, நிறம் ஒரு படி ஏறுகிறவரை வறுத்து, மிளகாய் வத்தல், தேங்காய், சுண்டைக்காய் அளவு புளி, உப்பு வைத்துக் கெட்டியாக அரைக்கணும். தண்ணீரைக் கையால் தெளித்தால் போதும். வழக்கமாக நாங்கள் இதில் பூண்டு வைப்போம், பெரியம்மாவுக்காகப் பெருங்காயம் போட்டுக்கொள்ளுங்கள், குறை தெரியாது. நெய் தடவிய டோஸ்ட்டில் இதை மெல்லிசாகப் பூசி, மேலே கடுகளவு நார்த்தங்காய் ஊறுகாய். சாப்பிடுகிறவர்கள் என்ன இது என்று கட்டாயம் கேட்பார்கள். காணம் என்று சொன்னால் சென்னைக்காரர்கள் முழிப்பார்கள், கொள்ளு என்று சொல்லுங்கள்.

அடுத்தது எள்ளு மிளகாய்ப்பொடி. தயிரைக் காலையிலேயே வெள்ளைத் துணியில் கட்டித் தொங்கவிட்டால் சாயங்காலம் வெண்ணெய் மாதிரி கெட்டியாக இருக்கும். அதை டோஸ்ட்டில் தடவி, எள்ளுப்பொடி தூவி, நடுவில் ஒரு சொட்டு நல்லெண்ணெய். வெள்ளைமேல் கறுப்புப் பொடி, அதன் நடுவில் பொன்னிற எண்ணெய், தட்டில் இதைவிட எடுப்பாக எதுவும் இருக்காது. சீஸைவிட இது மேல் என்பது என் கட்சி. தயிர் புளித்திருந்தால் மட்டும் கைவிட்டுவிடுங்கள்.

அசைவம் சாப்பிடுகிறவர்கள் தனியாக இருந்தால் மாசிச் சம்பல். காயல்பட்டினம் பக்கம் மாசி, அதாவது காய்ந்த சூரை மீன், இல்லாத அடுக்களையே இருக்காது. மாசித்துண்டை இடித்து, தேங்காய், சின்ன வெங்காயம், வத்தல், எலுமிச்சைச் சாறு சேர்த்து ஒன்றிரண்டாகத் தட்டி எடுத்தால் ஈரமே இல்லாமல் பொலபொலவென்று இருக்கும். ஆனால் அந்தத் தட்டை ஹாலின் மறுகோடியில் வையுங்கள், வாசனை எல்லாருக்கும் ஒத்துவராது.

பெருமாள்புரம் மதினி:

காணத்துவையலும் எள்ளுப்பொடியும் முடிவாகிவிட்டது. ஒரு சந்தேகம், போன் வந்ததிலிருந்து எதை முதலில் செய்ய வேண்டும்? எல்லாவற்றையும் வைத்து அலங்கரித்துத் தயாராக வைத்துவிடலாமா?

அடுமனை அண்ணாச்சி:

கூடவே கூடாது! அலங்கரிப்பது கடைசி வேலை. சீசன் மாதத்தில் வெள்ளிக்கிழமை ராத்திரியே டோஸ்ட்டை வெறுமனே சுட்டு, நன்றாக ஆறிய பிறகு காற்றுப் புகாத டப்பாவில் போட்டுவிடுங்கள், எண்ணெய் தடவாமல். ஞாயிறு சாயங்காலம்வரை அப்படியே இருக்கும். சூடு கொஞ்சம் இருக்கும்போது டப்பாவை மூடினால் மூடியின் உட்பக்கம் வியர்க்கும், அது சொட்டினால் மொத்தமும் போச்சு.

போன் வந்ததும் துவையலை அரையுங்கள், தக்காளி வைப்பதாக இருந்தால் நறுக்கி உப்புப் போட்டு வடிய விடுங்கள், சுக்குக் காப்பிக்குக் கருப்பட்டியைத் தட்டிப் போட்டுக் கொதிக்க வையுங்கள். வாசலில் வண்டிச் சத்தம் கேட்டதும் கல்லைப் பற்றவைத்து, டோஸ்ட்டை ஒரு நிமிடம் சூடுகாட்டி நெய் தடவலாம். அவர்கள் செருப்பைக் கழற்றி, கைகால் கழுவி உட்காருவதற்குள் பாதித் துண்டுகளில் துவையல் பூசிவிடலாம். மீதிப் பாதியை அப்படியே விடுங்கள். முதல் தட்டு காலியாகிறதா என்று பார்த்துவிட்டு அடுத்ததில் வையுங்கள். பரோட்டா சாப்பிட்டு வருகிறவர்களுக்கு ஆளுக்கு மூன்று துண்டு தாராளம்.

காரச்சேவு:

சரி, நானும் ஒண்ணு சொல்லுதேன். தேங்காய்த் துவையல் தடவின டோஸ்ட் மேல காரச்சேவைக் கையால நொறுக்கித் தூவிப் பாருங்க. டோஸ்ட் ஒரு மொறுமொறுப்பு, சேவு ஒரு மொறுமொறுப்பு. தட்டு அடுக்களை வாசலைத் தாண்டும்போதுதான் தூவணும்.

கோழிக்கூடு பழம்:

இனிப்பு யாருமே சொல்லவில்லையே. அல்வா இருக்கிறதே, அதைச் சின்னதாக வெட்டி மேலே வைத்தால் என்ன என்று தோன்றும், சரிவராது. அல்வாவும் கோதுமை, அடியில் இருப்பதும் கோதுமை, நெய் வேறு வழிந்து டோஸ்ட்டை ஊறவைத்துவிடும். அல்வாவைத் தனியாகக் கையில் கொடுப்பதுதான் மரியாதை.

அதற்குப் பதிலாக உடன்குடிக் கருப்பட்டியைக் கொஞ்சமாகத் தண்ணீர் விட்டுக் கரைத்து, மண் போக வடிகட்டி, விரலில் தொட்டால் பிசுக்கென்று ஒட்டுகிற பதத்துக்குக் காய்ச்சிக்கொள்ளுங்கள். முந்தின நாளே செய்து வைக்கலாம். நன்றாகப் பழுத்த, ஆனால் குழையாத ஏத்தன்பழத்தை (நேந்திரம்பழம்தான்) சாய்வாக வில்லை போட்டு, அதே தோசைக்கல்லில் நெய் விட்டு இரண்டு பக்கமும் சிவக்க எடுத்து, டோஸ்ட் ஒன்றுக்கு ஒரு வில்லை. மேலே அரை ஸ்பூன் பாகு, விரல்நுனியில் எடுத்த சுக்குப்பொடி, பிடித்தால் வறுத்த தேங்காய்த் துருவல். கோழிக்கூடு பழத்தில் செய்ய முடியாது, கல்லில் போட்டதும் கரைந்துவிடும், என் பெயரைப் பார்த்து ஏமாந்துவிடாதீர்கள். இதற்கு மட்டும் மில்க் பிரெட்டே பொருத்தம், அந்த லேசான இனிப்பு கருப்பட்டியோடு சேரும். கல்லிலிருந்து எடுத்த சூட்டோடு கொடுத்துவிடுங்கள், ஆறினால் நெய் உறைந்து நாக்கில் ஒட்டும்.