தோடர் மந்தில் களப்பணி: முதலில் என்ன கேட்பது?

கோத்தகிரி மாணவி:
சென்னையில் மானிடவியல் எம்.ஏ. படிக்கிறேன். ஆய்வேட்டுக்கு நீலகிரிப் பழங்குடியினரான தோடரின் எம்பிராய்டரியை எடுத்திருக்கிறேன். வகுப்பில் வம்சாவளிப் படம் வரையப் பழகிவிட்டோம். மந்துக்குள், அதாவது தோடர் குடியிருப்புக்குள் போனதும் எங்கிருந்து தொடங்குவது?

ஊட்டிக்காரர்:
தங்கச்சி, முதல் நாள் நோட்டை எடுக்காதீர்கள். தைக்கிற அக்காக்கள் பக்கத்தில் உட்காருங்கள். துணியில் எதையும் வரைந்துகொள்வதில்லை. இழைகளை எண்ணி எண்ணியே சிவப்பு, கறுப்பு நூலைக் கோக்கிறார்கள். அந்த விரல்களைப் பார்த்தாலே கேள்விகள் தானாக வரும். போட்டோ எடுக்கும் முன் கட்டாயம் கேளுங்கள்.

பழைய மாணவர்:
வம்சாவளியை மட்டும் அவசரப்பட்டுக் கேட்க வேண்டாம். 1901-02இல் ஆங்கிலேய மானிடவியலாளர் ரிவர்ஸ் தோடரிடம் அதைத் திரட்டியபோது, இறந்த முன்னோரின் பெயரைச் சொல்லக்கூடாது என்ற வழக்கம் குறுக்கே நின்றது. அதனால் ஒரு குடும்பத்தின் விவரத்தை வேறு குடும்பத்தாரிடம் கேட்டார். இன்றைக்கு அப்படிச் சுற்றிப்போய்க் கேட்பது எனக்குச் சரியாகப் படவில்லை. வீட்டாரே விரும்பிச் சொன்னால் எழுதுங்கள். அப்புறம், ஊட்டி அருகே முத்தோரை பாலாடாவில் உள்ள பழங்குடியினர் ஆய்வு மையத்துக்கும் ஒருமுறை போய் வாருங்கள்.

கோத்தகிரி மாணவி:
நன்றி அண்ணா. அப்படியானால் வம்சாவளியை ஓரமாக வைத்துவிட்டு, யார் யாருக்குத் தையல் சொல்லிக்கொடுத்தார்கள் என்பதில் தொடங்குகிறேன்.