மோரிட்ஸ் கிராஸ்மன் கடிகாரங்கள்: மரபின் மீட்சியா, பெயரின் மீட்சியா?

கேள்வி:
ஜெர்மனியின் சாக்சனி மாநிலத்திலுள்ள கிளாஷூட்டே நகரில் கடிகாரங்கள் செய்த மோரிட்ஸ் கிராஸ்மன் 1885-இல் மறைந்ததும் அவருடைய நிறுவனமும் முடிவுக்கு வந்தது. 2008-இல் கிறிஸ்டினே ஹுட்டர் அதே ஊரில் அந்தப் பெயருக்கு மீண்டும் உயிர் கொடுத்தார். நூறாண்டுக்கும் மேற்பட்ட இடைவெளிக்குப் பின் வந்த இதை மரபின் மீட்சி என்று அழைப்பது பொருந்துமா?

மறுமொழி 1:
பொருந்தும் என்றே உறுதியாகக் கருதுகிறேன். நிறுவனம் மறைந்ததே தவிர, ஊரின் கைத்திறன் மறையவில்லை. கிராஸ்மன் 1878-இல் தொடங்கிய ஜெர்மன் கடிகாரப் பள்ளியில் பல தலைமுறையினர் பயின்றார்கள். 1945-இன் குண்டுவீச்சையும், அதன்பின் தொழிற்கூடங்கள் அரசுடைமையானதையும் கடந்து, கிழக்கு ஜெர்மனியின் அரசு ஆலையிலும் அந்த அறிவு தொடர்ந்தது.

மறுமொழி 2:
வேலைப்பாட்டைப் பாருங்கள், நண்பரே. இவர்கள் எஃகு முட்களைக் கையால் இழைத்து மெருகேற்றி, பழுப்பும் ஊதாவும் கலந்த நிறம் வரும்வரை சூடேற்றுகிறார்கள். வெப்பம் சற்றே கூடினாலும் எஃகு நீலமாகிவிடும் என்பதால், நிறம் திரும்பும் அந்தக் கணத்தைக் கண்ணால் கண்டறிந்து நிறுத்த வேண்டும். உள்ளிருக்கும் தகடுகளோ செம்பு, நிக்கல், துத்தநாகம் கலந்த ஜெர்மன் சில்வர். மேற்பூச்சு இல்லாததால் விரல் பட்டாலே கறை படியும். வெறும் பெயருக்காக எவரும் இவ்வளவு பாடுபடுவதில்லை.

மறுமொழி 3:
சட்டமும் துணை நிற்கிறது. கிளாஷூட்டே என்ற பெயரைப் பொறிக்க வேண்டுமானால் முக்கிய உற்பத்திக் கட்டங்களில் உருவாகும் மதிப்பில் பாதிக்கு மேல் அங்கேயே உருவாக வேண்டும் என 2022-இல் ஜெர்மனி விதி வகுத்தது.