படிக்கும்போதே ஆர்பரிஸ்ட் சான்றுத் தேர்வு எழுதலாமா? எழுதியவர்களின் அனுபவம்

மிச்சிகனிலிருந்து

மேட்டுப்பாளையம் வனக் கல்லூரியில் நான்காண்டு இளநிலை முடித்துவிட்டு, முதுநிலைக்காக அமெரிக்கா வந்தவன் நான். நகரங்களில் மரப் பராமரிப்பு வேலைக்கு விண்ணப்பிக்கத் தொடங்கினால், அறிவிப்புக்கு அறிவிப்பு ஐஎஸ்ஏ என்ற பன்னாட்டு மரப் பராமரிப்புச் சங்கம் தேர்வு வைத்துத் தரும் ஆர்பரிஸ்ட் (மரப் பராமரிப்பு வல்லுநர்) சான்று கேட்கிறார்கள். படிக்கும்போதே எழுதிவிடுவதா, பட்டம் வாங்கிய பிறகா என்று ஓர் ஆண்டு தடுமாறினேன். அந்தத் தடுமாற்றத்தில் இன்று இருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

தேர்வு எழுத மூன்று ஆண்டு முழு நேர வேலை அனுபவம் வேண்டும். வனவியல், தோட்டக்கலை போன்ற துறைகளில் நான்காண்டுப் பட்டம் இருந்தால் ஓராண்டு போதும். என்னை உறங்கவிடாமல் செய்தது அந்த ஓராண்டுதான். மாணவர் விசாவில் இருப்பவருக்குப் படிப்பு முடிந்ததும் முதலில் கிடைக்கும் வேலை அனுமதி 12 மாதம். அதை முழுக்க அனுபவக் கணக்குக்கே கொடுத்துவிட்டால், தேர்வு எழுதத் தகுதி வரும் நாளில் அனுமதி தீர்ந்திருக்கும். ஆகவே அந்த ஓராண்டைப் படிப்புக்குள்ளேயே சேர்த்தாக வேண்டும் என்று முடிவு செய்தேன்.

பல்கலைக்கழக வளாகத்து மரங்களைப் பார்த்துக்கொள்ள ஒரு குழு இருந்தது. வளாகத்துக்குள் வாரம் 20 மணி நேரம் வரை வேலை பார்க்கலாம், விடுமுறையில் முழு நேரமும் பார்க்கலாம். போய்க் கேட்டேன், சேர்த்துக்கொண்டார்கள். முதல் நான்கு மாதம் வெட்டிய கிளைகளை இழுத்து அரைவை இயந்திரத்தில் போடுவதும், மரத்தைச் சுற்றி மண்ணை மூடும் மூடாக்குப் பரப்புவதும்தான். வேர்க்கழுத்து, அதாவது தண்டு வேரோடு சேரும் இடம், புதையும்படி மூடாக்கைக் குவித்துவிட்டேன் என்று குழுத்தலைவர் கையாலேயே வாரி எடுக்கச் சொன்ன நாள் இன்னும் நினைவில் இருக்கிறது.

அந்த வேலை எனக்கு என்ன கொடுத்தது என்பதற்கு ஓக் மரம் ஒன்றே போதும். ஊரில் கவாத்து செய்தால் வெட்டுவாயில் போர்டோ பசை (மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்த பூஞ்சணக்கொல்லி) தடவுவது எங்களுக்குப் பழக்கம். இங்கே பாடம் வேறு. மரம் காயத்தை நம் தோல்போல ஆற்றிக்கொள்வதில்லை, அழுகல் பரவாமல் தனக்குள் சுவர் எழுப்பி அடைத்துக்கொள்கிறது. அமெரிக்க வனத்துறையில் இருந்த அலெக்ஸ் ஷைகோ ஆயிரக்கணக்கான மரங்களை நெடுக்காக அறுத்துப் பார்த்து நிலைநாட்டிய உண்மை இது. அதனால் கிளை தண்டோடு சேரும் இடத்தில் புடைத்திருக்கும் கிளைக்கழுத்தைக் காயப்படுத்தாமல் அதன் வெளிவிளிம்பில் வெட்டு, மேலே எதுவும் பூசாதே என்கிறார்கள். அதை மனப்பாடம் செய்து வைத்திருந்தேன். ஒரு ஜூன் மாதம் புயலில் ஓக் கிளை ஒன்று முறிந்தது. குழுத்தலைவர் பெயிண்ட் டப்பாவோடு ஓடி வந்தார். ஏப்ரல் 15 முதல் ஜூலை 15 வரை மிச்சிகனில் ஓக் மரத்தை வெட்டுவதைத் தவிர்ப்பார்கள். புதுக் காயத்தின் வாசனைக்கு வரும் சிறு வண்டுகள் ஓக் வாடல் நோயின் பூஞ்சணத்தைச் சுமந்து வரும். தப்பித் தவறிக் காயம் பட்டால் உடனே பூசிவிட வேண்டும். விதியும் விதிவிலக்கும் ஒரே பிற்பகலில் எனக்குள் இறங்கின. புத்தகத்தில் இரண்டும் வெவ்வேறு அத்தியாயங்களில் இருந்தன.

இரண்டரை ஆண்டுப் படிப்பில் இரண்டு கோடை விடுமுறைகளையும் சேர்த்துக் கணக்கு நிரம்பியது. கடைசிப் பருவத்தில் விண்ணப்பித்தேன். இந்தியப் பட்டத்தின் சான்றுகளை அனுப்பினேன், ஏற்றுக்கொண்டார்கள். 200 கேள்விகள், மூன்றரை மணி நேரம். தேர்ச்சி பெற்றேன். வேலை அனுமதி தொடங்கிய முதல் நாளே சான்றோடு நேர்காணலுக்குப் போக முடிந்தது. என் நிலையில் இருப்பவர் தயங்காமல் படிக்கும்போதே எழுத வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

சிங்கப்பூரிலிருந்து

மேலே எழுதிய தம்பியோடு பாதி உடன்படுகிறேன். நான் பட்டயம் படித்தவள். அனுபவம் போதாமல் விண்ணப்பிக்கவே முடியவில்லை, அன்று அதற்காக அழுதேன். பிறகு சாலையோர மரங்களைச் சோதிக்கும் வேலையில் சேர்ந்தேன். 2017 பிப்ரவரியில் இங்கே தாவரவியல் பூங்காவில் 270 ஆண்டுகளுக்கும் மேற்பட்ட டெம்புசு மரம் ஒன்று சாய்ந்து ஒரு பெண் உயிரிழந்தார். அதன் பிறகு ஒவ்வொரு தூங்குமூஞ்சி மரத்தின் அடியையும் உள்ளே பொந்து இருக்கிறதா என்று சுத்தியலால் தட்டிக் கேட்கும்போது கை நடுங்கும். படிவத்தில் நான் எழுதும் ஒரு வரியை நம்பித்தான் கீழே குழந்தைகள் நடக்கிறார்கள். மர அபாயம் பற்றிய கேள்விகளை அந்த நடுக்கத்தோடு படித்ததால்தான் எனக்கு அவை பிடிபட்டன. அப்போது தடுக்கப்பட்டது நல்லது என்று இப்போது நினைக்கிறேன். வேலை அனுமதிக் கெடு கழுத்தில் இல்லாதவர்கள் அவசரப்பட வேண்டாம்.

ஒஹாயோவிலிருந்து

நான் முதல் முறை தோற்றவன். தேர்ச்சிக்கு 76 விழுக்காடு வேண்டும். மர உயிரியல், மண் இரண்டிலும் நல்ல மதிப்பெண். என் அனுபவம் முழுவதும் நாற்றங்காலில் என்பதால் பாதுகாப்புப் பகுதியில் சறுக்கிவிட்டேன். மின்கம்பி அருகே வேலை செய்யச் சிறப்புப் பயிற்சி இல்லாதவர் அதிலிருந்து குறைந்தது 10 அடி தள்ளி நிற்க வேண்டும் என்பது எனக்கு வெறும் எண்ணாக இருந்தது. பிறகு ஒரு நிறுவனத்தில் செத்த ஆஷ் மரங்களை அகற்றும் குழுவில் சேர்ந்தேன். 2002இல் டெட்ராய்ட் அருகே கண்டறியப்பட்ட பச்சை வண்டு கொன்ற மரங்கள் அவை. பட்டையை உரித்தால் புழு அரித்த பாதை பாம்புபோல வளைந்து வளைந்து ஓடும். காய்ந்த ஆஷ் கண்ணாடிபோல் நொறுங்கும், அதில் கயிறு கட்டி ஏறக் கூடாது, ஆளை மேலே தூக்கும் வாளி பொருத்திய லாரியில் நின்றுதான் வெட்ட வேண்டும். எட்டு மாதம் கழித்து எழுதியபோது பாதுகாப்புப் பகுதியில்தான் எனக்கு அதிக மதிப்பெண்.

மீண்டும் மிச்சிகனிலிருந்து

அக்கா சொன்னதை ஏற்கிறேன். ஒன்றை விட்டுவிட்டேன். வேலை செய்த மணி நேரத்தை முதல் நாளிலிருந்தே தேதி போட்டுக் குறித்து, மாதம் ஒருமுறை குழுத்தலைவரிடம் கையொப்பம் வாங்கி வையுங்கள். என் குழுத்தலைவர் நான் விண்ணப்பிப்பதற்கு மூன்று வாரம் முன்பு ஓய்வு பெற்று வேறு மாநிலம் போய்விட்டார். அந்த நோட்டுப் புத்தகம் மட்டும்தான் என்னிடம் இருந்தது.