புதுப்பிப்பு: லேப்டாப் இப்போது அணைவதில்லை

வீடியோ எடிட் செய்யும்போது லேப்டாப் கொதித்துத் தானாக அணைகிறது என்று கேட்டிருந்தேனே, சரியாகிவிட்டது. பதில் சொன்ன எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி.

காரணம் தூசுதான். மேலே பார்த்தால் ஃபேன் சுத்தமாகவே தெரிந்தது. அதைக் கழற்றிய பிறகுதான், ஹீட்சிங்க் (சூட்டை வெளியேற்றும் உலோகப் பகுதி) தகடுகளின் வாயில் தூசு கம்பளி மாதிரி படிந்து காற்று போகும் வழியையே அடைத்திருந்தது தெரிந்தது. பேட்டரி இணைப்பை எடுத்துவிட்டுச் சுத்தம் செய்து, ப்ராசஸர் சூட்டை ஹீட்சிங்க்குக்குக் கடத்தும் தெர்மல் பேஸ்ட் காய்ந்துபோயிருந்ததால் அதையும் மாற்றினேன். 98 டிகிரியைத் தொட்ட ப்ராசஸர் இப்போது அதே வேலையில் 80-ஐத் தாண்டுவதில்லை.

அப்புறம், விண்டோஸ் பவர் அமைப்பில் ப்ராசஸர் உச்ச அளவை 99 சதவீதமாக்கினால் டர்போ (ப்ராசஸர் தானாக வேகத்தைக் கூட்டிக்கொள்வது) நின்று சூடு இன்னும் குறைகிறது. ரெண்டர் (எடிட் செய்ததை முழு வீடியோவாக்கும் வேலை) மெதுவாவதால் மதிய வெயிலில் மட்டும் அப்படி வைக்கிறேன். லேப்டாப்புக்கு அடியில் வைக்கும் கூலிங் பேட் வாங்க நினைப்பவர்கள் முதலில் அடைப்பைப் பாருங்கள்.

ஃபேன் இரைச்சல் மட்டும் மிச்சம். புது ஃபேனுக்குச் சொல்லியிருக்கிறேன்.