பெல்விக் ஃப்ளோர்: ‘இடுப்புத்தளம்’ போதுமா?

வணக்கம். ‘பெல்விக் ஃப்ளோர்’ (pelvic floor) எனப்படும், உடலின் அடிப்பகுதி உறுப்புகளைத் தாங்கும் தசைக்கு நல்ல தமிழ்ச் சொல் வேண்டும் என்று இங்கே கேட்டிருந்தேன். வந்த கருத்துகளுக்கு என் பதில் இது.

> ‘இடுப்புத்தளம்’ ஏற்கெனவே புழக்கத்தில் இருக்கிறதே, இன்னொரு சொல் எதற்கு?

நியாயமான கேள்வி ஐயா. நான் இயன்முறை மருத்துவர். பெண்களுக்கு இந்தத் தசைப் பயிற்சியைச் சொல்லிக்கொடுப்பதுதான் என் அன்றாட வேலை. இந்தச் சொல் அவர்கள் கையைத் தவறான இடத்துக்குக் கொண்டுபோகிறது. அதனால்தான் கேட்கிறேன்.

போன மாதம் ஓர் அம்மா வந்தார். இருமினாலே சிறுநீர் கசிகிறது. துண்டறிக்கை ஒன்றைப் படித்து இரண்டு மாதம் பயிற்சி செய்தும் பலன் இல்லை என்றார். “எப்படிச் செய்தீர்கள், காட்டுங்களேன்” என்றேன். இரண்டு கைகளையும் இடுப்பில் ஊன்றினார், வயிற்றை எக்கினார், மூச்சைப் பிடித்துக்கொண்டு பத்து வரை எண்ணினார். புட்டம் இறுகியது, தோள் உயர்ந்தது. வேலை செய்ய வேண்டிய தசை மட்டும் சும்மா இருந்தது. துண்டறிக்கையில் இருந்த வரி இதுதான்: ‘இடுப்புத்தளத் தசைகளைச் சுருக்கவும்.’ அவர் மேல் என்ன தப்பு? இடுப்பு என்றால் நமக்குக் குடம் வைக்கிற இடம், பிள்ளையைத் தூக்கி வைக்கிற இடம். அங்கேதானே கை போகும்?

அந்தத் தசை இருப்பது அதற்கும் கீழே, உள்ளே. முன்பக்கம் பிறப்புறுப்புக்குச் சற்று மேலே தட்டுப்படும் எலும்பிலிருந்து பின்னால் வால் எலும்பு வரை விரிந்து, சிறுநீர்ப்பை, கருப்பை, மலக்குடல் மூன்றையும் கீழிருந்து ஏந்திக்கொண்டிருக்கிறது. சிறுநீர்த்துளை, பிறப்புவழி, மலவாய் மூன்றும் அதனூடேதான் செல்கின்றன. மூச்சை இழுத்தால் அது சற்றுக் கீழே இறங்கும், விட்டால் மேலே எழும். அப்படி அசைந்துகொண்டே இருப்பதைத் ‘தளம்’ என்றால், சிமெண்ட் போட்டுப் பூசியது போலத்தான் மனதில் படும்.

> தொங்கும் துணி போல இருப்பதால் ‘தூளித்தசை’ எனலாமே?

வடிவத்துக்கு இதைவிடப் பொருத்தமான சொல் கிடைக்காது. மலக்குடலைப் பின்னாலிருந்து வளைத்துப் பிடிக்கும் பகுதி அசல் தூளியேதான். படித்ததும் எனக்கும் ஆசையாக இருந்தது. ஆனால் தூளி என்றதும் குழந்தை நினைவு வந்துவிடுகிறது. பிள்ளை பெறாதவர்களுக்கும் கசிவு வருகிறது. குதித்து ஓடும் விளையாட்டு வீராங்கனைகள், மாதவிடாய் நின்றவர்கள், நாள்பட்ட இருமலோ மலச்சிக்கலோ உள்ளவர்கள் என்று பலரைப் பார்க்கிறேன். “பிள்ளை பெற்றால் இதெல்லாம் சகஜம், பொறுத்துக்கோ” என்ற பேச்சைக் கேட்டு எத்தனையோ பெண்கள் வருடக்கணக்கில் வாய் திறக்காமல் இருந்துவிடுகிறார்கள். சொல்லும் அதற்குத் துணைபோக வேண்டாம். ஆண்களுக்கும் இந்தத் தசை உண்டு என்பது வேறு விஷயம்.

மற்றச் சொற்களில், ‘இடுப்படித் தசை’யைக் கேட்டால் இடுப்பில் பட்ட அடி என்று தோன்றும். ‘கூபகத் தசை’க்கு முதலில் கூபகம் (இடுப்பெலும்புக் கூடு, pelvis) என்றால் என்ன என்று பாடம் நடத்த வேண்டும்.

என் பரிந்துரை ‘தாங்குதசை’. முதல்முறை வரும்போது ‘அடிவயிற்றுத் தாங்குதசை’ என்று முழுதாக எழுதலாம், அப்புறம் சுருக்கிக்கொள்ளலாம். அடிவயிறு எங்கே என்று யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஊறுகாய், சுடுசோறு போல வினைத்தொகை. நேற்றுத் தாங்கியது, இன்று தாங்குகிறது, நாளையும் தாங்கும் என்ற மூன்று காலமும் அதற்குள் அடங்கிவிடுகிறது.

> தாங்குவது மட்டுமா அதன் வேலை? அடைப்பதும் திறப்பதும்?

உண்மை அக்கா. ஒரு பெயர் எல்லா வேலையையும் சுமக்க முடியாது. ஆனால் அதிலிருந்து பிற சொற்கள் கிளைக்க வேண்டும் இல்லையா? தாங்குதசைத் தளர்ச்சி, தாங்குதசை இறுக்கம் என்று இரண்டும் சுலபமாக வருகின்றன. இரண்டாவது சொல் மிகவும் அவசியம். சிலருக்குத் தசை தளர்வதில்லை, எப்போதும் இறுகியே கிடக்கிறது. உடலுறவில் வலி, சிறுநீர் கழிக்கத் தொடங்குவதில் சிரமம். அவர்களிடம் போய் இன்னும் சுருக்குங்கள் என்றால் வலிதான் கூடும். அவர்கள் முதலில் பழக வேண்டியது தளர விடுவதை.

‘கெகல் பயிற்சி’ என்றே விட்டுவிடலாம் என்பவர்களுக்கு: 1948-இல் இந்தத் தசைப் பயிற்சியைப் பற்றி எழுதிய அமெரிக்க மருத்துவர் ஆர்னால்ட் கெகலின் பெயர் அது. அவருக்கு மரியாதை உண்டு. ஆனால் எந்தத் தசை, என்ன செய்ய வேண்டும் என்று அந்தப் பெயர் சொல்லாது.

புதுச் சொல்லை வைத்து அந்த அம்மாவிடம் இப்படிச் சொல்லிப் பார்த்தேன்: “காற்றுப் பிரிவதையும் சிறுநீரையும் சேர்த்து அடக்குவது போலத் தாங்குதசையை மேலே இழுங்கள். மூச்சு இயல்பாகப் போகட்டும். புட்டம், தொடை இறுக வேண்டாம். சரி, இப்போது முழுசாக விடுங்கள்.” மூன்றாவது முறை, “ஓ, இதுவா!” என்றார். ஒரு தடவைக்கு எட்டு சுருக்கம், நாளுக்கு மூன்று தடவை, குறைந்தது மூன்று மாதம் என்று எழுதிக்கொடுத்திருக்கிறேன். சிறுநீர் போகும்போதே நிறுத்தி நிறுத்திப் பழக வேண்டாம் என்றும் சொல்லியிருக்கிறேன்.

கருப்பை இறக்கத்துக்கு உள்ளே வைக்கும் பெசரி வளையத்தையும் இதே வழியில் ‘தாங்குவளையம்’ எனலாமா? புதிய துண்டறிக்கை அடுத்த வாரம் அச்சுக்குப் போகிறது. மறுப்பு இருந்தால் வியாழனுக்குள் எழுதுங்கள்.