கொல்கத்தா டெர்பி டிக்கெட் – புதுப்பிப்பு

போன மாதம் கேட்டிருந்தேனே, சால்ட் லேக் மைதானத்தில் ஒரே ஊர்ப் பரம எதிரிகளான மோகன் பகான் – ஈஸ்ட் பெங்கால் கால்பந்து அணிகள் மோதும் டெர்பி ஆட்டத்துக்கு கோலுக்குப் பின்னால் மலிவான இடம் போதுமா, இல்லை காசு சேர்த்துப் பக்கவாட்டில் எடுக்கணுமா என்று. பாதிப் பேர் 'கீழ்வரிசை எடு, கிட்டத்தில் பார்க்கலாம்' என்றீர்கள்.

போய் வந்தாச்சு. கீழ்வரிசை வேண்டவே வேண்டாம். மைதானத்தைச் சுற்றி ஓடுதளம் இருப்பதால் முதல் வரிசையே புல்லிலிருந்து நல்ல தூரம், உயரமும் இல்லாததால் எல்லாம் தட்டையாகத் தெரியும், முன்னால் ஒருவர் எழுந்து நின்றால் அதுவும் போச்சு. நான் கடைசியில் எடுத்தது கோலுக்குப் பின்னால் நடு அடுக்கு. யார் எங்கே ஓடுகிறார், எங்கே இடைவெளி விழுகிறது என்பதெல்லாம் அழகாகத் தெரிந்தது. ஆனால் எதிர்முனையில் கோல் விழுந்தபோது அடித்தது யார் என்று பக்கத்து இருக்கைப் பெரியவர் சொல்லித்தான் தெரியும்!

காசு இருந்தால் நடுக்கோட்டுக்கு நேரே, உயரமாக. கொஞ்சம் குறைவென்றால் மூலைக்கொடிப் பக்கம். சுத்தமாக இல்லையென்றால் நான் எடுத்த மாதிரி.

அப்புறம், விலையை மட்டும் பார்த்து டிக்கெட் எடுக்காதீர்கள். இரண்டு அணி ரசிகர்களுக்கும் தனித்தனிப் பகுதி, வாசலும் வேறு. மோகன் பகானின் பச்சை-மெரூன் சட்டையோடு வந்த என் நண்பனுக்குக் கிடைத்ததோ ஈஸ்ட் பெங்காலின் சிவப்பு-மஞ்சள் கூட்டத்துக்கு நடுவே. தொண்ணூறு நிமிடமும் சட்டைக்கு மேல் மழைக்கோட்டைப் போட்டுக்கொண்டு வாயே திறக்காமல் உட்கார்ந்திருந்தான், பாவம்.